சின்ன ஆபீஸ் சர்வருக்கு ரெய்டு கார்டு வாங்கலாமா, லினக்ஸ் ரெய்டே போதுமா?

பத்துப் பேர், கணக்கு, பில், ஸ்கேன் செய்த காகிதங்கள். உங்கள் ஆபீஸ் இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ரெய்டு என்றால் பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டி, ஒன்று செத்தாலும் தரவு போகாமல் காப்பது. அதைத் தனிக் கார்டும் செய்யும், லினக்ஸே கூடச் செய்யும். கார்டு வேண்டாம். இரண்டு டிஸ்க் வாங்கி, லினக்ஸின் சொந்த ரெய்டு புரோகிராமான எம்டிஏடிஎம் (mdadm) வைத்து ரெய்டு 1 போடுங்கள், அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு.

நான் பட்டவன். மண்டபத்தில் நண்டும் கணவாயும் ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனியில் கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. சர்வர் விற்றவர் கார்டுதான் பாதுகாப்பு என்று அடித்துச் சொன்னார். நான்கு டிஸ்க்கில் தரவைப் பிரித்து எழுதும் ரெய்டு 5 போட்டுக் கொடுத்தார். எங்கள் ஊர் உப்புக்காற்று கதவுக் கீலையே தின்றுவிடும். இரண்டே வருடம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 முடிந்து, போட்டுகள் கடலுக்குப் போன அதே வாரம் சர்வர் எழவில்லை. கழற்றினால் கார்டின் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. நான்கு டிஸ்க்கும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தரவை எப்படிப் பிரித்து எழுதியிருக்கிறது என்பது அந்த வகைக் கார்டுக்குத்தான் புரியும். கையில் இருந்த வேறு கம்பெனி கார்டு அவற்றை வெறும் டிஸ்க் என்றது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் அதே மாடல் பழைய கார்டு கிடைத்துக் கைக்கு வர ஒன்பது நாள். அதுவரை போட்டுக்காரர்களுக்கு நோட்டில் எழுதித்தான் பணம் கொடுத்தோம்.

அதில் இரண்டு நாள் கூரியரால் போனது. மண்டபம் வரைக்கும் காசு வாங்கிக்கொண்டு, பார்சலை ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டு, நேரில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். போக 40 கிலோமீட்டர், வர 40. கடலோரத்தில் இருப்பவன் என்றால் இவ்வளவு இளப்பமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எம்டிஏடிஎம் தன் குறிப்பை டிஸ்க்கிலேயே எழுதிவைக்கும். மதர்போர்டு போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டினால் வந்துவிடும். புது சர்வர் போட்டதும் பழைய டெஸ்க்டாப்பில் மாட்டிப் பார்த்த பிறகுதான் கணக்கை ஏற்றினேன்.

பேட்டரி வைத்த கார்டு எழுதுவதில் வேகம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பெரிய டேட்டாபேஸ் என்றால் உண்மைதான், மறுக்கவில்லை. அப்படி வாங்கினால் அதே மாடலில் இன்னொன்றும் வாங்கி அலமாரியில் வையுங்கள். மதர்போர்டு பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் புரோகிராம்) வரும் ரெய்டைத் தொடவே வேண்டாம்.

யூபிஎஸ் கட்டாயம். தெரியாமல் அழித்த ஃபைலை எந்த ரெய்டும் திருப்பித் தராது, அதனால் தினம் பேக்கப் எடுத்து வெளியே வையுங்கள். அப்புறம், டிஸ்க் போனால் மெயில் வரும்படி அன்றைக்கே செட் செய்யுங்கள். இல்லையென்றால் ஒன்று செத்தது தெரியாமல் மற்றொன்றில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.