உதையெல்லாம் எங்கே போயிற்று? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரிய ஆக்‌ஷன் படங்களை ஒரு மாதமாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ‘ஓல்ட்பாய்’, ‘தி மேன் ஃப்ரம் நோவேர்’, ‘தி ரவுண்டப்’ மூன்றையும் முடித்துவிட்டேன். ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது. டேக்வாண்டோ பிறந்த நாடு அது. கராத்தே பயில்கிறவன் என்பதால் நல்ல உதை நாலு பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கிடைத்ததெல்லாம் சுத்தியல், மீன் வெட்டும் கத்தி, கட்டிப் புரளும் சண்டை. ஹாங்காங் படங்களில் இதைவிட அழகான உதைகளைப் பார்த்திருக்கிறேன். “இதில் கலை எங்கே இருக்கிறது, வெறும் ரத்தம்தானே?” என்கிறார் கூடப் பார்த்த நண்பர். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வது சரி என்றும் தோன்றவில்லை. இந்தச் சண்டைகள் ஏன் இப்படி இழுக்கின்றன? எதைக் கவனித்துப் பார்ப்பது? அடுத்து எவற்றைப் பார்க்கலாம்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

நீங்கள் ஹாங்காங் படங்களில் ரசித்த கால்களில் சில கொரியக் கால்கள். ‘ட்ரங்கன் மாஸ்டர்’ (1978) கடைசிச் சண்டையில் ஜாக்கி சானை விரட்டி விரட்டி உதைக்கும் வில்லன் ஹ்வாங் ஜாங்-லீ, கொரியர். அதே ஆண்டு வந்த ‘ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’வில் வில்லனும் அவர்தான். ‘தி யங் மாஸ்டர்’ (1980) முடிவில் ஜாக்கியைத் துவைத்தெடுப்பவர் ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் ஆசிரியர் ஹ்வாங் இன்-ஷிக். ‘கேம் ஆஃப் டெத்’துக்காக 1972-இல் புரூஸ் லீ எடுத்துவைத்த காட்சிகளில் தங்க நிற பெல்ட்டோடு மோதும் ஜி ஹான்-ஜே, ஹாப்கிடோவை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ஆக உதையை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுமதி செய்துவிட்டார்கள்.

உள்ளூரில் அதற்கு மவுசு குறைந்ததற்கு எனக்குத் தெரியும் காரணம் எளிது. அங்கே தெருவுக்குத் தெரு டேக்வாண்டோ பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் ஐந்து ஆறு வயதிலேயே வெள்ளை உடை போட்டுக்கொள்கிறார்கள். ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு, அங்கும் டேக்வாண்டோ சொல்லித்தருகிறார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் உதைத்துப் பழகிய ஊரில் திரையில் ஒருவர் சுழன்று உதைத்தால் பள்ளி ஆண்டு விழா ஞாபகம்தான் வரும், பயம் வராது. பயம் வரவேண்டுமென்றால் தெருச் சண்டை போல இருக்க வேண்டும்.

அடுத்தது துப்பாக்கி. தென்கொரியாவில் பொதுமக்கள் கையில் துப்பாக்கி அநேகமாகக் கிடையாது. வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கினாலும் அதைக் காவல் நிலையத்தில்தான் ஒப்படைத்து வைக்க வேண்டும். அதனால் அங்கே ரவுடி படம் எடுப்பவருக்கு ஒரு வசதி. “ஏன் சுட்டுத் தள்ளவில்லை?” என்று எந்தப் பார்வையாளரும் கேட்க மாட்டார். ‘எ பிட்டர்ஸ்வீட் லைஃப்’ (2005) நாயகன் ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் படும் பாட்டுக்கே தனியாகக் காட்சிகள் உண்டு. துப்பாக்கி இல்லாத இடத்தில் பச்சை மீன் சீவும் நீளக் கத்தி, இரும்புக் குழாய், பேஸ்பால் மட்டை எல்லாம் வந்துவிடுகின்றன. ‘தி யெல்லோ சீ’யில் (2010) நடிகர் கிம் யுன்-சோக் கையில் எடுப்பது மாட்டு எலும்பு.

நீங்கள் பார்த்த கட்டிப் புரளலுக்கு அங்கே ‘மக்ஸாவும்’ என்று பெயர். ஒழுங்கு முறை இல்லாத சண்டை என்று பொருள். ஆனால் அதைத் திரைக்கு அமைப்பது ஒழுங்கான சண்டையை அமைப்பதைவிடக் கடினம். அடியும் பதிலடியும் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தை ஸ்டண்ட் ஆட்கள் ‘ஹாப்’ என்பார்கள். ஹாப்கிடோவில் வரும் அதே சொல்தான், சேர்தல் என்று பொருள். முப்பது நாற்பது ஹாப்களை மனப்பாடம் செய்து, தடுமாற்றத்தையும் கால் இடறுவதையும் குறி தவறுவதையும் எண்ணிக்கைக்குள் வைத்து ஆட வேண்டும். ஐந்தாவது ஹாப்பில் இடறுவது என்று முடிவானால் எல்லா டேக்கிலும் ஐந்தாவதில்தான் இடற வேண்டும்.

இதில் தேர்ந்த கலைஞர்கள்தான் அதிகம் சொதப்புவார்கள். நீங்கள் கராத்தேக்காரர், உடனே புரியும். குத்திய கையைத் தன்னையறியாமல் இடுப்புக்கு இழுப்பீர்களே, அந்த ஹிகிதே கேமராவில் பளிச்சென்று தெரியும். அடித்து முடித்ததும் நிலைக்குத் திரும்புவது, முதுகு நிமிர்ந்திருப்பது, மூச்சு சீராக ஓடுவது எல்லாமே இந்த ஆளுக்கு ஆபத்தில்லை என்று பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். மக்ஸாவுமில் நடிப்பவர் இவற்றையெல்லாம் மறக்கப் பழக வேண்டும். மறக்கக் கூடாதது ஒன்றே ஒன்று, ‘நாக்பொப்’, அதாவது விழும் முறை. தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, உள்ளங்கையும் முன்கையும் சேர்த்துத் தரையில் அறைந்து விசையைப் பரப்புவது. கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போய்விடும், முழங்கையை ஊன்றினால் தோள்பட்டை.

உங்கள் நண்பர் தேடும் கலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அடிப்பவர் பிரபல நடிகர். சில மாதம் பயின்றிருப்பார். விழுபவர் அதையே தொழிலாகக் கொண்டவர். சண்டைப் பயிற்சியாளர் ஜொங் டூ-ஹோங் 1998-இல் தொடங்கிய சோல் ஆக்‌ஷன் ஸ்கூல் இன்றைய கொரிய ஸ்டண்ட் கலைஞர்கள் பலருக்குத் தாய்வீடு. ‘தி வில்லனெஸ்’ (2017) இயக்குநர் ஜொங் பியோங்-கில் அங்கே பயின்றவர். தன்னோடு பயின்றவர்களைப் பற்றி 2008-இல் ஒரு ஆவணப்படமே எடுத்தார். ‘ரவுண்டப்’ வரிசையின் நான்காவது படத்தை (2024) இயக்கிய ஹோ ம்யோங்-ஹேங்கும் சண்டைப் பயிற்சியாளராக இருந்து வந்தவர்தான். விழுந்து பழகியவர்கள் இயக்குநர் நாற்காலியில் உட்காரும்போது கேமராவை எங்கே வைப்பது என்ற முடிவே மாறிவிடுகிறது.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். பொதுவாகத் திரையில் குத்து படுவதில்லை. முஷ்டிக்கும் தாடைக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவரின் தோளுக்குப் பின்னாலோ கேமராவை வைத்தால் முஷ்டியும் தாடையும் ஒரே கோட்டில் வந்து அந்தச் சாண் மறைந்துவிடும். நீண்ட லென்ஸ் போட்டால் இன்னும் நன்றாக மறையும். மிச்சத்தைத் தலையை வெட்டித் திருப்பும் ரியாக்‌ஷன் பார்த்துக்கொள்ளும். கேமராவைப் பக்கவாட்டில் வைத்தால் தொலைந்தது. இடைவெளி அப்பட்டமாகத் தெரியும்.

இப்போது ‘ஓல்ட்பாய்’ (2003) நடைபாதைச் சண்டையை மறுபடி போட்டுப் பாருங்கள். இயக்குநர் பார்க் சான்-வூக் கேமராவை வைத்திருப்பது சுத்தமான பக்கவாட்டில். ஏறத்தாழ மூன்று நிமிடம், ஒரே ஷாட், ஒரு குளோஸ்-அப் கூடக் கிடையாது. சண்டைக்கு மிக மோசமான கோணத்தைத் தெரிந்தே தேர்ந்திருக்கிறார். மூன்று நாளில் பதினேழு டேக் எடுத்தார்கள். முதுகில் குத்தி நிற்கும் கத்தி மட்டும் கணினியில் சேர்த்தது. உன்னிப்பாகப் பார்த்தால் சில அடிகள் படவில்லை என்பது தெரியும். தெரிந்தும் நாம் நம்புகிறோம். ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, நடைபாதை குறுகல். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஆழத்தில் நிற்பதால் முன்னால் நிற்பவரின் உடம்பு பின்னால் நடக்கும் அடிகளை மறைக்கிறது. அடி உண்மையிலேயே பட வேண்டிய இடங்களில் முகத்தை விட்டு முதுகுக்கும் தோளுக்கும் போகிறார்கள். இரண்டாவது, களைப்பு. சண்டை பாதி போனதும் நாயகன் ஓ டே-சூ தள்ளாடுகிறார், மூச்சு வாங்குகிறார். சூழ்ந்திருக்கும் கும்பலும் உடனே பாயவில்லை. “நீ போ, நீ போ” என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறது. தரையில் விழுந்தவன் புரண்டு எழ முயன்று பாதியில் விட்டுவிடுகிறான். அதில் நடிப்பு எவ்வளவு, நாயகனாக நடித்த சோய் மின்-சிக்கின் நிஜமான இளைப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கட் வைத்து எடுத்தால் ஷாட்டுக்கு நாலைந்து ஹாப் ஆடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம். இங்கே இரண்டரை நிமிடம் சரியாக ஓடி, ஒருவன் அரை நொடி முந்திவிட்டால் அத்தனை பேரும் முதலிலிருந்து.

ஈர்ப்புக்கு என் பதில் இதுதான். இந்தப் படங்களில் அடிக்குக் கணக்கு இருக்கிறது. வாங்கிய அடி அடுத்த காட்சியிலும் உடம்பில் இருக்கும். நாயகன் ஜெயிப்பான் என்று தெரியும். எவ்வளவு கொடுத்து ஜெயிப்பான் என்பது தெரியாது. அந்த விலையைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

‘தி மேன் ஃப்ரம் நோவேர்’ (2010) வேறு வழியில் இதையே செய்கிறது. வொன் பின் ஆடும் கதாபாத்திரம் பயிற்சி பெற்ற கொலையாளி, அதனால் மக்ஸாவும் பொருந்தாது. கடைசிக் கத்திச் சண்டையில் எதிராளி கையிலிருந்த துப்பாக்கியை ஒதுக்கிவிட்டுக் கத்தி எடுக்கிறான். அங்கங்கே கேமரா நாயகனின் கண்ணாகவே மாறி, கத்தி நம் முகத்தை நோக்கி வருகிறது. கத்திச் சண்டையில் தூரம்தான் எல்லாம். கை நீளத்துக்கு அப்பால் நின்றால் இருவருமே பத்திரம், உள்ளே வந்துவிட்டால் இருவருமே வெட்டுப்படுவார்கள். படத்தில் இருவரும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறார்கள், பார்க்கும் நமக்கு மூச்சு முட்டுவது அதனால்தான். இதே படத்தில் வொன் பின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கீழே குதிக்கும்போது கேமராவும் கட் இல்லாமல் பின்னாலேயே குதிக்கும். கவனிக்காமல் விட்டிருந்தால் திரும்பப் பாருங்கள்.

‘தி ரவுண்டப்’ (2022) நாயகன் மா டோங்-சோக் என் வாதத்துக்கு ஒத்துவராத ஆள். அவர் களைப்பதே இல்லை. அவருடையது குத்துச்சண்டை, விசை பின்னங்காலில் கிளம்பி, இடுப்பு திரும்பி, தோள் வழியாக வருவது கண்ணுக்குத் தெரியும்படி குத்துகிறார். அடிபட்டவன் பறப்பதற்கு உடைக்குள் கச்சை கட்டி, ரோப்பில் பின்னால் இழுப்பார்கள். அந்த ரோப்பைக் கால் நொடி முன்னதாக இழுத்துவிட்டால் குத்து வருவதற்குள் ஆள் கிளம்பிவிடுவான், தியேட்டர் சிரிக்கும். தாமதமானாலோ முஷ்டி நிஜமாகவே பட்டுவிடும். இந்த வரிசையின் முதல் படமான ‘தி அவுட்லாஸ்’ (2017) முடிவில் விமான நிலையக் கழிப்பறையும், 2022 படத்தில் பேருந்தும் சண்டைக்களமானதில் பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. அத்தனை பெரிய உடம்பு அத்தனை சின்ன இடத்தில் அடைபட்டதும் எதிராளிக்கு ஓட வழியில்லை. காலைத் தூக்கவும் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். உதை காணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பேருந்து, லிஃப்ட், கழிப்பறை, நடைபாதை என்று இடம் குறுகக் குறுக முழங்கையும் தலையும்தான் வேலை செய்யும். ‘நியூ வேர்ல்ட்’ (2013) லிஃப்ட் சண்டை இதன் உச்சம். மூன்றாம், நான்காம் ‘ரவுண்டப்’கள் வசூலுக்காக எடுத்தவை, விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

ரத்தம் பற்றி நண்பர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஒளிப்பதிவில் ஷட்டரைக் குறுக்கி அசைவின் கலங்கலை நீக்கி, வினாடிக்கு 24-க்குப் பதில் 22 ஃபிரேம் எடுத்து வேகம் கூட்டி, மேலே சிவப்பு நீரைத் தெளித்துவிட்டால் எந்தச் சண்டையும் கொடூரமாகத் தெரியும். அப்படி ஒப்பேற்றிய கொரியப் படங்களும் நிறைய உண்டு. நண்பருக்கு ஒரு சோதனை சொல்லுங்கள். ஒலியை அணைத்துவிட்டுச் சண்டையைப் பார்க்கட்டும். எலும்பு முறியும் சத்தமும் இசையும் போன பிறகு யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எந்தக் கையில் காயம் என்று புரிந்தால் அது அமைத்த சண்டை. ஒன்றும் புரியாமல் கேமரா மட்டும் குலுங்கினால் நண்பர் சொல்வதே சரி. இரண்டாம் முறை விழுபவர்களை மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை கால்களை. எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது தெரிந்தால் அடுத்த அடி எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். கராத்தேக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உதை பார்த்தே தீர வேண்டும் என்றால் ‘தி சிட்டி ஆஃப் வயலன்ஸ்’ (2006) பாருங்கள். ஜொங் டூ-ஹோங்கும் இயக்குநர் ர்யூ சங்-வானும் தாங்களே நாயகர்களாக நடித்தது. ஜொங்கின் கால்கள் எப்படிப்பட்டவை என்பது அதில் தெரியும். இருவரும் மூச்சு வாங்குவதும் தெரியும். அதன் பிறகு ‘எ பிட்டர்ஸ்வீட் லைஃப்’, பிறகு ‘நியூ வேர்ல்ட்’. ‘தி வில்லனெஸ்’ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நிமிடம் முழுக்க நாயகியின் கண் வழியாகவே ஓடும். தலையைப் பிடித்துக் கண்ணாடியில் மோதும் இடத்தில் கேமரா அவளைவிட்டு வெளியே வரும். எந்த ஃபிரேமில் வருகிறது என்று நிறுத்தி நிறுத்தித் தேடிப் பாருங்கள்.

நடைபாதைச் சண்டையை மறுபடி பார்க்கும்போது ஒரு வேண்டுகோள். கடைசி ஆள் விழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கோடியில் லிஃப்ட் கதவு திறக்கும். உள்ளே இருப்பவர்களைப் பார்த்ததும் ஓ டே-சூவின் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.