முடக்குவாதம் இருந்தால் எடைப் பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன். நோய் கட்டுக்குள் இருக்கிறது, தசைக்கு வலுவேற்றுங்கள் என்கிறார் மருத்துவர். ஆனால் டம்பெல்லைப் பிடித்தாலே மணிக்கட்டு வலிக்கிறது. மூட்டு இன்னும் தேய்ந்துவிடாதா?
- வாசகி, திருச்சி

பதில்: அளவோடு செய்தால் தேயாது. முடக்குவாதம் தேய்மானத்தால் வருவதல்ல. மூட்டின் உட்சவ்வு அழற்சியால் வீங்குகிறது. அந்த அழற்சி தசையையும் கரைக்கும். வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடை இன்னும் மெலியும், முழங்காலுக்குத் தாங்கல் இருக்காது.

டம்பெல்லை விட்டுவிடுங்கள். வெல்க்ரோ ஒட்டும் அரைக் கிலோ எடைப்பட்டையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே கட்டி முழங்கையை மடக்கி நீட்டலாம். விரல்களுக்கு வேலையே இல்லை. சுவரில் தள்ளும் பயிற்சிக்கு உள்ளங்கைக்குப் பதில் முன்கையை முழுவதும் பதியுங்கள். ரப்பர் பந்தை இறுக்கிப் பிசையும் பழக்கம் வேண்டாம். விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்கிற போக்கை அது கூட்டக்கூடும்.

காலுக்கு நாற்காலியே போதும். இருக்கையில் தலையணை போட்டு உயர்த்தி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெல்ல இறங்குங்கள். விரல் முட்டிகளை ஊன்றி எழுவதுதான் பலர் செய்யும் தவறு. 8 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மீண்டும் 8. அடுத்தடுத்து இரண்டு பயிற்சி நாட்களில் 12 முறை சுலபமாக வந்தால் தலையணையை எடுத்துவிடலாம்.

வாரம் இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒருநாள் விட்டு, காலை விறைப்பு தளர்ந்தபின் செய்யுங்கள். உடம்பு லேசாக இருக்கிறதே என்று ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. எடையைக் கூட்டினால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். மறுநாள் தொடைச் சதை வலித்தால் கவலையில்லை. மூட்டு வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மறுநாள் விறைப்பு கூடினாலோ அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் அதற்கு எடை கூடாது. சுருட்டிய துண்டை அடியில் வைத்து, காலை நீட்டி, ஆறு விநாடி கீழே அழுத்தி விடுங்கள், ஐந்து தடவை. மற்ற மூட்டுகளுக்கு வழக்கமான பயிற்சியே இருக்கட்டும்.

முக்கியமான தடை ஒன்று உண்டு. இந்நோய் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிணைப்பையும் தளர்த்தலாம். பிடரி வலியோ, தலையைக் குனிந்தால் கைகளில் மரமரப்போ இருந்தால், கழுத்து எக்ஸ்ரேயை மருத்துவர் பார்க்கும்வரை தலைக்கு மேல் எடை தூக்காதீர்கள். கழுத்துப் பயிற்சியும் வேண்டாம்.