பழைய ஆசிலாஸ்கோப்புக்கு என்ன விலை கொடுக்கலாம்?

ஒரு கல்லூரி லேபில் கழித்துவிட்ட டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 210 ஆசிலாஸ்கோப்புக்கு (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வியாபாரி 15,000 ரூபாய் கேட்கிறார், "அந்தக் காலத்தில் லட்ச ரூபாய் மிஷின்" என்கிறார், நான் அர்டுயினோ (சிறு கன்ட்ரோலர் போர்டு) வேலையும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) சர்வீசும் செய்பவன், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த விலைக்கு வேண்டாம். ஆனால் பொருளையே ஒதுக்கிவிடாதீர்கள், குறைத்துக் கொடுத்தால் உங்களுக்கு உதவும்.

அந்தக் காலத்து விலையை முதலில் மறந்துவிடுங்கள். எல்லாக் கருவிக்கும் வயது ஒரே மாதிரி ஏறுவதில்லை. ஹெச்பி 34401ஏ என்ற மேசை மல்டிமீட்டர் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. அதன் 10 வோல்ட் ரேஞ்சில் ஓராண்டுக்கான துல்லியம், படிக்கும் அளவில் 0.0035 சதவீதமும் ரேஞ்சில் 0.0005 சதவீதமும். 10 வோல்ட்டை அளந்தால் பிழை 0.4 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மலிவான புது மீட்டர் எதுவும் இதன் பக்கத்தில் வராது. அந்த மீட்டரின் உயிர் உள்ளே இருக்கும் எல்எம்399 ரெஃபரன்ஸ் ஐசி, அதாவது ஒப்பிட்டு அளக்க மாறாத வோல்டேஜ் தரும் சிப். ஒழுங்காக வைத்திருந்தால் அது பழகப் பழக இன்னும் நிலைப்படும். அதனால்தான் 34401ஏ இன்றும் நல்ல விலை போகிறது. முகப்பில் ஹெச்பி என்றிருந்தாலும் அஜிலென்ட் என்றிருந்தாலும் மீட்டர் ஒன்றுதான், பெயருக்காகக் கூடுதல் பணம் வேண்டாம். டிஸ்ப்ளே மங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிஜிட்டல் ஸ்கோப் கதை வேறு. அதன் மதிப்பு வேகத்திலும் மெமரியிலும் இருக்கிறது, இரண்டுமே இன்று மலிந்துவிட்டன. டிடிஎஸ் 210 என்பது 60 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் (காட்டக்கூடிய அதிர்வெண் எல்லை), இரண்டு சானல், நொடிக்கு 100 கோடி சாம்பிள். ஆனால் ஒரு சானலுக்கு மெமரி 2,500 புள்ளிதான். முழு வேகத்தில் ஓடினால் 2.5 மைக்ரோசெகண்டில் நிரம்பிவிடும். 60 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் சொந்த ரைஸ் டைம், அதாவது திரையில் அலை கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரம் (0.35-ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால்) சுமார் 5.8 நானோசெகண்ட். அர்டுயினோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கைப் பார்த்தால் மூலைகள் மழுங்கித் தெரியும். எஸ்எம்பிஎஸ் வேலைக்கும் சீரியல் சிக்னலுக்கும் தாராளமாகப் போதும்.

கடைக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டரும் 9 வோல்ட் பேட்டரியும் கொண்டுபோங்கள். பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால் அதன் எர்த் பின்னுக்கும் பிஎன்சி சாக்கெட்டின் (ப்ரோப் என்ற அளக்கும் வயரை மாட்டும் இடம்) வெளி உலோகத்துக்கும் கன்டின்யுட்டி (இணைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பிரைமரி பக்கம் (மெயின்ஸோடு இணைந்த பக்கம்) அளப்பதற்காக எர்த் பின்னை வெட்டிவிட்ட ஸ்கோப்புகள் நம் ஊரில் நிறைய உண்டு. அப்படி ஓட்டிய ஸ்கோப்பின் உடம்பு முழுக்க மெயின்ஸ் வோல்டேஜ் ஏறி நிற்கும். உயிர் சம்பந்தப்பட்டது, சும்மா விடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இன்னும் பழைய கருவி என்றால் பின்பக்கத்தில் வோல்டேஜ் செலக்டர் 110-இல் நிற்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் ஆன் செய்து, சானலை டிசி கப்ளிங்கில் வைத்து, ஒவ்வொரு சானலின் சாக்கெட்டிலும் மல்டிமீட்டரால் ரெசிஸ்டன்ஸ் அளந்து பாருங்கள். 1 மெகாஓம் ஒட்டி வர வேண்டும். ரொம்ப விலகினால் யாரோ அதிக வோல்டேஜ் கொடுத்து இன்புட்டைக் கெடுத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கொடுத்து, வோல்ட்ஸ் பர் டிவிஷன் நாபை 5 வோல்ட்டிலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறக்குங்கள். பேட்டரி வோல்டேஜ் திரைக்குள் இருக்கும் வரை எல்லாப் படியிலும் அதே அளவு வர வேண்டும். அதன் பிறகு பேட்டரியை எடுத்துவிட்டு 2 மில்லிவோல்ட் வரை போங்கள். கோடு குதிக்கக் கூடாது.

இந்தப் படியை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில் 20 மெகாஹெர்ட்ஸ் அனலாக் ஸ்கோப் வாங்கும்போது, கடைக்காரர் ப்ரோப்பை ஸ்கோப்பின் டெஸ்ட் முனையில் மாட்டி அழகான சதுர அலையைக் காட்டினார். அது ஒரே சானல், ஒரே ரேஞ்ச். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டாவது சானலில் 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே எதுவும் வரவில்லை. பாதி ஸ்கோப்புக்கு முழுப் பணம் கொடுத்த வருத்தம் இன்றும் உண்டு.

டிடிஎஸ் 210-இல் இன்னும் ஒரு வசதி இருக்கிறது. யுட்டிலிட்டி மெனுவில் செல்ஃப் கேல் (ஸ்கோப் தன்னைத்தானே சரிசெய்துகொள்வது) கொடுக்கலாம். ஸ்கோப் கொஞ்சம் சூடேறட்டும், ப்ரோப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட விடுங்கள். சில நிமிடம் பிடிக்கும். வியாபாரி அவசரப்படுத்தினால் நாளை வருகிறேன் என்று சொல்லுங்கள். அதே மெனுவில் எரர் லாக் இருக்கும், அதையும் படியுங்கள். திரையின் பின்விளக்கு வயதாகி மங்கியிருப்பது இந்த மாடலில் சகஜம், பேரத்துக்கு அது நல்ல காரணம்.

ஒட்டியிருக்கும் கேலிபிரேஷன் ஸ்டிக்கருக்கு நான் விலை கொடுப்பதில்லை. உங்கள் வேலைக்குச் சான்றிதழ் தேவையில்லை. தேவைப்படுகிறவர் என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபுக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். அதே வேலையைச் செய்யும் புது ஸ்கோப் இன்று என்ன விலை என்று பாருங்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவ்வளவு பழைய டிஜிட்டல் ஸ்கோப்புக்கு நான் தர மாட்டேன். 15,000-உடன் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் கியாரண்டியோடு புதிதே கிடைக்கும். மேலே சொன்ன எல்லாம் தேறி, நல்ல ப்ரோப் இரண்டும் சேர்ந்து வந்தால் 7,000 வரை போகலாம். ப்ரோப் இல்லையென்றால் அதன் விலையைக் கழியுங்கள். திரை மங்கல் என்றால் 5,000. ஒரு சானல் போயிருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள், இரண்டாவது சானல் இல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரில் கேட் டிரைவையும் (அதை இயக்கும் சிக்னல்) டிரெயின் அலையையும் (அதன் வெளிவரும் அலை) சேர்த்துப் பார்க்க முடியாது.