பொது இடத்தில் மக்களை அவர்களறியாமல் உற்றுநோக்கி ஆய்வு செய்யலாமா?

பூங்காவில் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் பெற்றோர், தங்களை அழைக்கும் குழந்தைக்கு எப்படிப் பதிலளிக்கிறார்கள் என்பதை அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்ய விரும்புவதாகவும், பொது இடம் என்பதால் ஒப்புதல் வாங்கத் தேவையில்லைதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளின் நடத்தையை உற்றுநோக்கும் ஆய்வுகளில் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

விதிப்படி பார்த்தால் உங்கள் எண்ணத்திற்கு இடம் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் தங்களைப் பார்க்கக்கூடும் என்று மக்கள் எதிர்பார்க்கும் இடங்களில் ஒப்புதலின்றி உற்றுநோக்கலாம் என்கிறது பிரிட்டிஷ் உளவியல் சங்கம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையும் இயற்கைச் சூழல் உற்றுநோக்கலுக்கு ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் பதிவானது வெளியே தெரிந்தால் அந்த நபருக்கு வழக்கோ வேலையிழப்போ அவப்பெயரோ நேரக்கூடாது, அவரைப் பற்றிய தகவலின் இரகசியமும் காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான். மாணவர்கள் பெரும்பாலும் 'பொது இடம்' என்ற பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள். எங்கே நின்று பார்த்தோம் என்பதைவிட, பார்த்ததில் எதை எழுதிக்கொண்டோம் என்பதே முக்கியம் என்பது என் நிலைப்பாடு.

இதற்கு லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற சமூகவியலாளரின் ஆய்வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1960களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பூங்காக்களின் கழிப்பறைகளில் ஆண்களுக்கிடையே நடந்த பாலுறவுச் சந்திப்புகளை, வெளியே யாரும் வருகிறார்களா என்று காவல் பார்ப்பவராக உடனிருந்து அவர் கவனித்தார். அந்த உறவு அங்கே சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. அவர் இந்த அளவோடு நின்றிருந்தால் விவாதம் வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அவர் அந்த ஆண்களின் கார் எண்களையும் குறித்துக்கொண்டார். காவல் துறையினர் வழியாக அவர்களுடைய முகவரிகளைப் பெற்றார். ஓராண்டுக்குப் பிறகு தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்தவரைப்போல அவர்களுடைய வீடுகளுக்கே சென்று பேட்டி எடுத்தார். அவர்களில் பலர் மணமாகிக் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். 1970இல் வெளியான அவருடைய நூலில் யாருடைய பெயரும் இல்லை என்பது உண்மை. ஆயினும் பெயர்ப் பட்டியல் அவரிடம் இருந்த காலம் முழுவதும், அது வேறொருவர் கைக்குப் போயிருந்தால் அந்த மனிதர்கள் சிறைக்குப் போயிருப்பார்கள், குடும்பங்கள் உடைந்திருக்கும். அந்த ஆய்வால் ஒருபாலுறவினரைப் பற்றிய தவறான எண்ணங்கள் சில விலகின என்று சொல்வோர் உண்டு. அதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பயனுக்கான ஆபத்தைச் சுமந்தவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கப்படவில்லை.

1976இல் மிடில்மிஸ்ட் என்ற உளவியலாளரின் குழுவினர், கழிப்பறையில் அருகில் ஒருவர் நிற்பது சிறுநீர் கழிக்கத் தொடங்குவதற்கும் கழித்து முடிப்பதற்கும் ஆகும் நேரத்தைப் பாதிக்கிறதா என்பதை, புத்தகக் குவியலுக்குள் மறைத்துவைத்த பெரிஸ்கோப் (மறைந்திருந்து பார்க்க உதவும் கண்ணாடிக் குழாய்) வழியாகப் பார்த்து அளந்தார்கள். பொதுக் கழிப்பறையும் பொது இடம்தான் என்று வாதாடுவோருக்கு மறுப்பாக இந்த ஒன்றே போதும்.

இனி உங்கள் ஆய்வுக்கு வருவோம். நெறிமுறையையும் ஆய்வு முறையையும் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்துப் பழகிவிட்டோம். உண்மையில் கறாரான பதிவுத் தாள் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும். 'தாய் அலட்சியமாக இருந்தார்' என்று எழுதுவது பதிவன்று, தீர்ப்பு. அதற்குப் பதிலாக, பதினைந்து விநாடிக்கு ஒரு கட்டம் என்று தாளைப் பிரித்துக்கொண்டு, குழந்தை அழைத்ததா, பெரியவர் தலை நிமிர்ந்தாரா, வாய்மொழியாகப் பதில் சொன்னாரா, குழந்தை மீண்டும் அழைத்ததா என்ற நான்குக்கு மட்டும் குறியிடுங்கள். அதே காட்சியை இன்னொருவரும் தனியாகக் குறித்து, இருவரின் ஒப்புமையைக் கோஹனின் கப்பாவால் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புமையைக் காட்டும் புள்ளியியல் அளவு) கணக்கிடுங்கள். இத்தகைய தாளில் முகம், உடை, பேச்சின் உள்ளடக்கம் எதற்கும் இடமில்லை என்பதால், அது தொலைந்து போனாலும் யாரையும் அடையாளம் காண முடியாது. காணொளி எடுத்தால் வேலை எளிது என்ற ஆசை வரும். குழந்தைகளின் முகங்கள் பதிவாகும் அந்த நொடியே மேற்சொன்ன விலக்கைக் கோரும் தகுதியை உங்கள் ஆய்வு பெரும்பாலும் இழந்துவிடும் என்பதால் அதைத் தவிருங்கள்.

முன்கூட்டியே சொன்னால் பெற்றோர் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவார்கள் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. பார்த்து முடித்த பிறகு ஒப்புதல் கேட்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கண்ணியமான வழிதான், ஆனால் குழந்தையைக் கவனிக்காமல் இருந்தவர்களே அதிகமாக மறுக்க வாய்ப்புண்டு என்பதால் உங்கள் தரவு ஒரு பக்கமாகச் சாயும். எனவே பெயரற்ற பதிவுத் தாளையே நான் பரிந்துரைப்பேன். அதோடு யாராவது வந்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்வதற்கும், அவர் விரும்பினால் அந்தப் பதிவை அங்கேயே நீக்குவதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது பதிவுத் தாளின் மாதிரியையும் இணைத்துக் கொடுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை அடிபட்டாலோ அடிக்கப்பட்டாலோ என்ன செய்வீர்கள் என்று குழு கட்டாயம் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் உற்றுநோக்கலை நிறுத்திவிட்டு யாரிடம் உடனே சொல்வீர்கள் என்பதை நீங்களே எழுதிவிடுங்கள்.