கடலே இல்லாத ஃபுளோரன்சில் நெப்டியூன் எதற்கு?
இத்தாலியின் ஃபுளோரன்சில் கடலே இல்லையே, அப்புறம் ஏன் சிஞ்ஞோரியா சதுக்கத்து நீரூற்றில் கடல் தேவன் நெப்டியூன், அவருடைய தேர்ச்சக்கரத்தில் ஏன் ராசிகள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எடுத்த படத்தில் நெப்டியூனின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், அது அன்று ஃபுளோரன்சை ஆண்ட முதலாம் கோசிமோ தெ மெதிச்சியின் சாயல். பீசாவையும் லிவோர்னோ துறைமுகத்தையும் கையில் வைத்துக்கொண்டு கப்பற்படை கட்ட முனைந்திருந்த அந்தப் பிரபு, 1560 வாக்கில் சிற்பி அம்மன்னாத்தியிடம் வேலையை ஒப்படைத்து, கடலும் என் ஆட்சிக்குள்தான் என்று ஊர் நடுவில் பளிங்கில் சொல்லி வைத்தார். சக்கரத்து ராசிகள் காலச் சுழற்சியைக் குறிப்பவை. சரி, அடுத்த முறை போனால் தொட்டி விளிம்பில் சாய்ந்திருக்கும் வெண்கல உருவங்களை விட்டுவிடாதீர்கள். அவற்றில் உள்ள சாட்டிர்களிடம், அதாவது பாதி மனிதரும் பாதி ஆடுமான அந்தப் புராண உருவங்களிடம், இருக்கும் துடிப்பு நடுவில் நிற்கும் பெரிய வெள்ளைச் சிலையிடம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.