நரம்பிலும் குறை இல்லை, தசையிலும் குறை இல்லை... பிறகு ஏன் இமை தொங்குகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. காலையில் நன்றாகத்தான் இருக்கிறார். மாலையானால் இடது கண் இமை தொங்கிவிடுகிறது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனை பார்த்த நரம்பியல் மருத்துவர், இது ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்று சொல்லி பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுத்திருக்கிறார். நரம்பும் தசையும் நன்றாக இருப்பதாகவும் சொல்கிறார். அப்படியானால் கோளாறு எங்கேதான் இருக்கிறது டாக்டர்?

பதில்: இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நரம்பின் நுனி தசையைத் தொடுவதே இல்லை. இடையில் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை 20,000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. இந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். மூளைக்குள் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் பெரும்பாலும் இதே முறையில்தான்.

நரம்பு வழியே மின்துடிப்பாக வரும் செய்தியால் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. துடிப்பு நுனியை எட்டியதும் கால்சியம் உள்ளே பாய்கிறது. உடனே அங்கே காத்திருக்கும் நுண்ணிய பைகள் சவ்வோடு ஒட்டித் திறந்து, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியே கொட்டுகின்றன. ஒரு பைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள்! அவை எதிர்ப்பக்கம் தசையில் உள்ள ஏற்பிகளில் (அந்த வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) போய் ஒட்டியதும் தசை சுருங்குகிறது. அடுத்த கணமே ஒரு நொதி வந்து அசிட்டைல்கோலினை உடைத்துவிடுகிறது. இவ்வளவும் சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும்.

செய்தியை வேதிப்பொருள் சுமந்து போகிறது என்பதை 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி காட்டிய விதம் எனக்கு இன்றும் வியப்பு. ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். யாரும் தூண்டாத அந்த இதயமும் மெதுவாகத் துடித்தது. திரவத்தில் இருந்தது இதே அசிட்டைல்கோலின்தான்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். இந்த நோய் உள்ள பெரும்பாலானவர்களின் உடலில், எதிர்ப்பு சக்தி வழிதவறி அந்த ஏற்பிகளையே தாக்கி அழிக்கிறது. தொடர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிவரும் அசிட்டைல்கோலின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எல்லோருக்கும் நடப்பதுதான். நமக்கு ஏற்பிகள் தாராளமாக இருப்பதால் அது தெரிவதில்லை. அம்மாவுக்கு அந்த உபரி இல்லை. அதனால்தான் காலையில் திறந்திருந்த இமை மாலையில் தொங்குகிறது. ஓய்வெடுத்தால் சரியாவதைப் பார்த்துவிட்டு, நடிப்பு என்றோ சோம்பல் என்றோ வீட்டில் யாரும் சொல்லிவிட வேண்டாம். அதுதான் இந்த நோயின் அடையாளமே.

அவர் சாப்பிடும் மாத்திரை, நான் சொன்ன அந்த நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் சற்று நேரம் கூடுதலாகத் தங்கி, மிச்சமிருக்கும் ஏற்பிகளில் திரும்பத் திரும்ப ஒட்டும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் பலன் தெரியும். மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். அதனால்தான் ஒரே நாளில் பல வேளை தருகிறோம். குடலிலும் இதே வேதிப்பொருள் வேலை செய்வதால் வயிற்றுவலி, பேதி வரலாம். வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஆனால் இந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியின் தாக்குதலை நிறுத்தாது. தேவைப்பட்டால் அதற்கு ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் உண்டு. நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கு, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும், இருந்தால் அதை அகற்ற வேண்டும்.

அப்புறம், காய்ச்சல், சளி என்று எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த நோய் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் பலவீனத்தைத் திடீரென்று கூட்டிவிடலாம். விழுங்கும்போது புரையேறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த வேளை மாத்திரைக்காகக் காத்திருக்காமல், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள்.