மூன்று ஒலிம்பிக், மூன்று வெண்கலம்

கேள்வி: நெதர்லாந்தின் ஹெவிவெயிட் வீரர் ஆர்னால்ட் வாண்டர்லைடே மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டு மூன்றிலும் வெண்கலமே பெற்றார். ஒருமுறைகூட இறுதிச் சுற்றை எட்டாத ஒருவரைச் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்று சொல்வது பொருந்துமா?

பதில்: பொருந்தும் என்பதே என் உறுதியான கருத்து. நெதர்லாந்தின் தென்கோடியிலுள்ள லிம்பர்க் மாகாணத்தில், சிட்டார்ட் என்ற ஊரில் 1963-ல் பிறந்த வாண்டர்லைடே, 1984 லாஸ் ஏஞ்சலீஸ், 1988 சியோல், 1992 பார்சிலோனா ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் 91 கிலோ வரையிலான ஹெவிவெயிட் பிரிவில் அரையிறுதிவரை முன்னேறினார். குத்துச்சண்டையில் மூன்றாம் இடத்துக்கென்று தனிப் போட்டி நடத்துவதில்லை. அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் வழங்கப்படுகிறது. இருபத்தோரு வயதில் தொட்ட அதே உயரத்தை இருபத்தொன்பது வயதிலும் தொடுவதற்கு எத்தனை ஆண்டு உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் தேவைப்பட்டிருக்கும் என்பதை, எடைப்பிரிவு விளையாட்டுகளை அறிந்தவர்கள் எளிதில் உணர்வார்கள்.

அவரைத் தோற்கடித்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1984-ல் அவரை வென்ற கனடாவின் வில்லி டிவிட் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1988 அரையிறுதி ஆட்டத்தின் இரண்டாம் சுற்றிலேயே அவரை மேற்கொண்டு ஆட முடியாதபடி நிறுத்திய அமெரிக்க ராணுவ வீரர் ரே மெர்சர், அந்தத் தொடரில் தன்னை எதிர்த்த ஒருவரையும் மூன்று சுற்று முழுவதும் நிற்கவிடாமல் தங்கம் வென்றவர். 1992-ல் எதிரில் நின்றவரோ ஒலிம்பிக்கில் மூன்று முறை தங்கம் வென்ற கியூபாவின் ஃபெலிக்ஸ் சவோன். இம்மூவரில் எவரிடம் தோற்பதும் இழுக்கு ஆகாது.

என்னைக் கேட்டால், அவருடைய திறமைக்கு ஒலிம்பிக் பதக்கங்களைவிட வலுவான சான்று ஐரோப்பிய சாம்பியன் பட்டங்கள்தாம். 1987-ல் டூரின், 1989-ல் ஏதென்ஸ், 1991-ல் கோத்தன்பர்க் என்று அடுத்தடுத்து மூன்று முறை அவர் அந்தப் பட்டத்தை வென்றார். சோவியத் யூனியனும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் அரசின் முழு ஆதரவோடு வீரர்களை உருவாக்கி அனுப்பிய காலத்தில், குத்துச்சண்டையில் பெரிய பாரம்பரியம் இல்லாத ஒரு சிறு நாட்டிலிருந்து வந்து மூன்று முறை முதலிடம் பிடித்தது வியக்கத்தக்கது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அந்நாட்டுக்குக் கிடைத்த ஒரே தங்கம் 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் பெப் வான் கிளாவெரன் வென்றது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வாண்டர்லைடேயின் இடம் இன்னும் தெளிவாகும்.

கேள்வி: பார்சிலோனா அரையிறுதியில் அவர் சவோனிடம் 23-3 என்ற புள்ளிக் கணக்கில் தோற்றார். அவ்வளவு பெரிய இடைவெளியா இருவருக்கும் இடையில்?

பதில்: சவோன் மேலானவர் என்பதில் ஐயமில்லை. 1986-ல் ரீனோவிலும் 1991-ல் சிட்னியிலும் நடந்த உலக சாம்பியன் போட்டிகளில் வாண்டர்லைடேவுக்கு வெள்ளி கிடைத்தபோது தங்கத்தைப் பெற்றவர் சவோனே. 1984, 1988 ஒலிம்பிக் போட்டிகளைக் கியூபா புறக்கணித்ததால் சவோன் சியோலுக்கு வரவில்லை. வாண்டர்லைடேவுக்குத் தங்கம் கிடைத்திருக்கக்கூடிய மிக நல்ல வாய்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன், அங்கோ மெர்சர் குறுக்கே நின்றார்.

ஆனால் 23-3 என்ற எண்ணை அப்படியே எடைபோட்டுவிடக் கூடாது. சியோல் இறுதிப் போட்டியில் மேலோங்கி ஆடிய அமெரிக்காவின் ராய் ஜோன்ஸைத் தோற்றவராக அறிவித்த நடுவர் தீர்ப்பு பெரும் கண்டனத்துக்கு உள்ளானதைத் தொடர்ந்து, பார்சிலோனாவில் முதன்முறையாகக் கணினி வழியே புள்ளிகள் கணக்கிடப்பட்டன. ஐந்து நடுவர்களில் குறைந்தது மூவர் ஒரு விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஒரு குத்து புள்ளியாகப் பதிவாகும். விலகி நிற்கும் தூரத்திலிருந்து நேராக முகத்தில் விழும் குத்து எல்லா நடுவர்களுக்கும் தெரியும். நெருங்கி நின்று உடலில் குத்தும் குத்துகள் பலவும் கணக்கில் ஏறாமலே போயின. நீண்ட கைகளும் வேகமான நேர்க்குத்தும் கொண்ட சவோனுக்கு இந்த முறை மிகவும் ஏற்றதாக இருந்தது.

கேள்வி: இத்தனை பதக்கம் வென்றவர் ஏன் பரவலாக அறியப்படவில்லை?

பதில்: அவர் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குச் செல்லவே இல்லை. அவரோடு ஒலிம்பிக் மேடையில் நின்ற மெர்சர் 1991-ல் டபிள்யூ.பி.ஓ. என்ற தொழில்முறைக் குத்துச்சண்டை அமைப்பின் உலகப் பட்டம் வென்றார். சியோலில் மற்றொரு வெண்கலம் பெற்ற போலந்தின் ஆந்த்ரே கோவோட்டாவும், பார்சிலோனாவில் மற்றொரு வெண்கலம் பெற்ற நியூசிலாந்தின் டேவிட் டுவாவும் பின்னாளில் லெனாக்ஸ் லூயிஸை எதிர்த்து உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். தொலைக்காட்சியும் பெரும்பணமும் அந்த உலகத்தையே சுற்றிவந்ததால், மூன்று சுற்று அமெச்சூர் போட்டிகளோடு நின்றவரின் பெயர் பின்தங்கியது. மேலும், 1993-ல் ஜப்பானில் கே-1 என்ற கிக்பாக்ஸிங் (கையால் குத்துவதோடு காலாலும் உதைக்கும் சண்டை) தொடர் தொடங்கிய பிறகு பீட்டர் ஆர்ட்ஸ், எர்னெஸ்டோ ஹூஸ்ட் போன்ற கிக்பாக்ஸிங் வீரர்களே நெதர்லாந்தின் சண்டை விளையாட்டுக்கு உலக அளவில் முகமானார்கள்.